காப்பீடு இல்லாதவருக்கு ஒரு நாற்காலி

தையல் மிஷின் மெக்கானிக்கின் மனைவிக்குப் பித்தப்பையில் மூன்று கற்கள் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டி, ஒன்று கொஞ்சம் பெரிசு, அது நகர்ந்து வந்து அடைத்துக்கொண்டால் ஆபத்து, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார். அந்த அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கல்லு வெச்ச மோதிரம் ஒண்ணு வாங்கித் தரேன்னு இவர் சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு டாக்டர். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு நானே ஏற்பாடு பண்ணிக்கிட்டேன் போல."

டாக்டர் சிரிக்கவில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை. மெக்கானிக்குக் கடை கிடையாது, முதலாளி கிடையாது. ஸ்க்ரூடிரைவர்களும் எண்ணெய்க் குப்பியும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தையல்கடை தையல்கடையாகப் போவார். நூல் அறுகிறது, ஊசி உடைகிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது என்று எந்தப் புகார் வந்தாலும் மிஷினைக் கவிழ்த்துப் போட்டுக் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். மனைவி ஒரு சட்டைப் பட்டறையில் காலர் தைக்கிறாள். பதினான்கு வருடமாக அதே பட்டறை, அதே பெஞ்சு. ஆனால் பட்டறைக்காரரின் ஏட்டில் அவள் வேலையாள் இல்லை. 'காலர் கொண்டுவந்து தரும் வெளிநபர்.' அதனால் அந்த வழியிலும் காப்பீடு இல்லை. தனியார் கம்பெனி ஒன்றில் ஒருமுறை விசாரித்திருந்தார்கள். வயதையும் உடல்நிலையையும் கேட்டுக்கொண்டு அவர்கள் சொன்ன தொகையை, தொலைபேசி எண் என்று நினைத்து மெக்கானிக் கையில் குறித்துக்கொண்டு வந்தார்.

"உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குன்னே ஒரு வாரியம் இருக்கே" என்றார் டாக்டர். இருந்தது.

காப்பீடு இல்லாதோர் நல வாரியத்துக்கு எட்டு மாடி. தரைத்தளம் காப்பீடு இல்லாதவர்களுக்கு. மேலே உள்ள ஏழும் அவர்களுக்காக உழைப்பவர்களுக்கு. உழைப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் எல்லோருக்கும், பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்து, நல்ல காப்பீடு இருந்தது. மனக்கவலை இல்லாமல் இருந்தால்தான் பிறர் கவலையை முழு மனதோடு கவனிக்க முடியும் என்று வாரியம் ஆரம்பத்திலேயே தீர்மானம் போட்டிருந்தது.

தரைத்தள மண்டபத்தின் சுவரில் 'நீங்கள் தனியாக இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உண்மைதான். மெக்கானிக் காலை எட்டு மணிக்குப் போனபோது நூற்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் கொடுக்க ஒரு இயந்திரம், நம்பர் காட்ட ஒரு பலகை, ஒரே ஒரு கவுன்ட்டர். கவுன்ட்டரில் ஒரு அம்மாள். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கோபப்பட மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். விதிப்புத்தகம் அவளுக்கு மனப்பாடம். விதியில் இருந்தால் செய்வாள். இல்லாவிட்டால், கேட்பது யாராக இருந்தாலும் செய்யமாட்டாள்.

அவள் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வி, 'தாங்கள் முழுமையாகக் காப்பீடு இல்லாதவரா, ஓரளவு இல்லாதவரா, அல்லது இல்லை என்பதை அறியாதவரா?' ஒன்பதாவது கேள்விக்குக் கீழே இரண்டு வரி. 'நோய் இருப்பின் விண்ணப்பிக்க இயலாது. நோய் இல்லையெனில் விண்ணப்பிப்பதற்கான காரணத்தை விளக்குக.' மெக்கானிக் அந்த இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் நீட்டினார். ஒன்பதாவது கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காப்பீடு இல்லை என்பதற்குச் சான்றிதழ் எங்கே என்று அவள் கேட்டாள்.

"இல்லாததுக்கு எப்படிம்மா சான்றிதழ் வாங்கறது?"

"ஏதாவது ஒரு காப்பீட்டுக் கம்பெனியில வாங்கிட்டு வரணும். விதி பன்னெண்டு."

கம்பெனியில் கழுத்துப்பட்டை கட்டிய பையன் மரியாதையாக நாற்காலி போட்டான். அந்தச் சான்றிதழை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் தருவோம், வாடிக்கையாளர் ஆக ஒரு பாலிசி எடுக்க வேண்டும் என்றான். பாலிசி எடுத்தால் எனக்குக் காப்பீடு வந்துவிடுமே, அப்புறம் இல்லை என்று எப்படித் தருவீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். பையன் யோசித்தான். உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தான். "ஆமாங்க, தர முடியாதுதான். நல்ல வேளை, முன்னாடியே கேட்டீங்க" என்றான்.

மூன்று முறை வாரியத்துக்கும் கம்பெனிக்கும் நடந்தார். நான்காவது முறை போனபோது டோக்கன் இயந்திரம் மக்கர் செய்து நின்றிருந்தது. டோக்கன் இல்லாமல் யாரையும் கூப்பிடக்கூடாது என்பது விதி ஏழு. பழுது பார்ப்பவர் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். மண்டபமே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்கால் ஒரு இயந்திரம் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பையைத் திறந்து மூடியைக் கழற்றி, உருளையில் சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தை இடுக்கியால் உருவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். டோக்கன் வந்தது. மண்டபம் கைதட்டியது.

அந்த நேரத்தில் செயலாளர் லிஃப்டிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் எப்போதும் ஒரு கோப்பு. யார் இவர், நம் ஊழியரா என்று கேட்டார். இல்லை, காப்பீடு இல்லாதவர் என்றாள் கவுன்ட்டர் அம்மாள். செயலாளர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

இதற்கு முன்னால் எப்போதாவது காப்பீடு இருந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மனைவி வழியில்? இல்லை. அப்பாவுக்கு? அவருக்கும் இல்லை. தாத்தாவுக்கு? அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருந்ததாகவே தாத்தாவுக்குத் தெரியாது.

"மூணு தலைமுறை" என்றார் செயலாளர். அவர் குரல் தழுதழுத்தது. "உங்கள மாதிரி ஒருத்தரைத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."

மெக்கானிக்கின் தோளில் கை போட்டு லிஃப்டில் ஏற்றி எட்டாவது மாடிக்கு அழைத்துப் போனார். காப்பி வந்தது. நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார். மெக்கானிக் கண்ணாடி கொண்டு போகவில்லை. அட்டைக்குத்தான் கையெழுத்து என்று நினைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரியம் முடிந்தது என்று மனைவியிடம் சொன்னார். அவர் கொண்டுவந்த காகிதத்தை அவள் வாங்கிப் படித்தாள். படித்து முடித்து மடித்து வைத்தாள்.

"நாம கேட்டது அட்டை. அவங்க குடுத்திருக்கறது நாற்காலி" என்றாள்.

வாரியச் சட்டப்படி உறுப்பினர்களில் ஒருவர் காப்பீடு இல்லாதவராக இருக்க வேண்டும். முன்பு ஒருவர் இருந்தார். அவருடைய மனைவிக்கு ரகசியமாக ஒரு வங்கியில் வேலை கிடைத்து, அதனால் குடும்பத்துக்கே காப்பீடு வந்து, அது வெளியே தெரிந்து அவமானத்தோடு விலகினார். இடம் காலியாகவே இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் காலியாக இருந்தால் வாரியத்தையே கலைத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மெக்கானிக் டோக்கன் இயந்திரத்தைத் திறந்த அன்று அந்த இரண்டு வருடம் முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

மறுநாளே அவர் திரும்பிப் போய், நாற்காலி இருக்கட்டும், என் மனைவிக்கு அட்டை எப்போது வரும் என்று கேட்டார். செயலாளருக்கு மனசு வலித்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அட்டை வந்தா நீங்க காப்பீடு உள்ளவர் ஆயிடுவீங்க. அந்த நிமிஷமே உங்க பதவி போயிடும். ஏழைங்களோட ஒரே குரல் நீங்க. அந்தக் குரலை நாங்களே நெரிக்கலாமா, சொல்லுங்க?"

மெக்கானிக் தலையாட்டினார். யாருடைய குரலும் நெரிக்கப்பட வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

முதல் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு தோல் நாற்காலிகள். பன்னிரண்டாவது அவருடையது, அதற்குக் கைப்பிடி இல்லை. உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று வடிவமைப்புக் குழு பரிந்துரைத்திருந்ததாம். எதிரே பித்தளைப் பலகையில் 'காப்பீடு இல்லாதவர்' என்று பொறித்திருந்தது. தலைவர் பருத்த உருவம், முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். எழுந்து நின்று ஆண்டுரை நிகழ்த்தினார்.

"இந்த வாரியம் தொடங்கியபோது காப்பீடு இல்லாதவர்கள் நான்கு லட்சம் பேர்தான் இருந்தார்கள். பதினோரு ஆண்டுகள் இரவு பகல் பாராமல் உழைத்தோம். இன்று ஒன்பது லட்சம் பேர் இருக்கிறார்கள். வேறு எந்த வாரியமாவது இப்படியொரு வளர்ச்சியைக் காட்ட முடியுமா? நம்மைக் குறை சொல்பவர்கள் கேட்கிறார்கள், இதுவரை எத்தனை பேருக்கு அட்டை கொடுத்தீர்கள் என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். அட்டை கொடுத்து அனுப்பிவிட்டால் அவர்கள் மறுபடி நம்மிடம் வருவார்களா? அந்த உறவு என்னாவது?"

மேஜையைத் தட்டினார்கள். அடுத்து, கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு என்ற சொற்றொடரை ஆராய்ந்த துணைக்குழுவின் அறிக்கை வந்தது. நானூறு பக்கம். யாருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று சட்டத்தில் சொல்லவில்லை, இப்போதைய விலை வாரியத்துக்குக் கட்டுப்படியாகிறது, ஆகவே நோக்கம் நிறைவேறிவிட்டது என்பது முடிவு. பிறகு மெக்கானிக்கைப் பேசச் சொன்னார்கள். மனைவிக்குக் கல் இருக்கிறது, வலி வந்தால் சுருண்டு விடுகிறாள், மூன்று மாதத்தில் மூன்று வாரம் போய்விட்டது என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டக் குறிப்பில், 'காப்பீடு இல்லாதவர் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார். உறுப்பினர்கள் நெகிழ்ந்தனர். மதிய உணவுக்கு இடைவேளை' என்று எழுதப்பட்டது.

அதன்பின் போட்டோ எடுக்க வந்தார்கள். மூன்று நாள் சவரம் செய்யாமல் இருக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். கிழிந்த சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். நான் தைத்த சட்டையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு நிற்பதற்கு நான் செத்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம் என்று மனைவி கதவைச் சாத்திவிட்டாள். போட்டோக்காரர் கடைசியில் மேல் பட்டனை மட்டும் கழற்றிவிட்டுச் சமாதானமானார். ஒரு வாரத்தில் அந்தப் படம் ஆறு மாடி உயரத்துக்குக் கட்டிடத்தின் முகப்பில் தொங்கியது. கீழே பெரிதாக, 'இவருக்கு எதுவுமே இல்லை.'

அந்தத் தெரு வழியாகத்தான் ஊரில் பாதித் தையல்காரர்கள் துணி வாங்கப் போவார்கள். மெக்கானிக் நொடித்துப் போய்விட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. பழுதுக்கு அவர் வீட்டில் விட்டிருந்த மிஷின்களை, கஷ்டத்தில் விற்றுவிடுவாரோ என்று பயந்து மூன்று கடைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டு தைப்பவர் ஒருவர் மிஷின் எதுவும் கொண்டுவராமல் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு பொட்டலம் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார். மெக்கானிக்குத் தன் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக எப்போதும் இருந்ததில்லை. அவர் அதுவரை யாரிடமும் இல்லை என்று சொல்லி நின்றவர் இல்லை. இப்போது ஆறு மாடி உயரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாவது வாரத்தில் ஒரு மதியம் பட்டறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. மனைவி மிஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள் என்றார்கள். டாக்டர் ஊசி போட்டு வலியை அடக்கினார். இந்த முறை அவர் மூன்று மாதம் என்று சொல்லவில்லை. இந்த மாதம் என்றார். இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் பொறுப்பில்லை என்றார். பொது மருத்துவமனையில் விசாரித்ததில் பதினாலு மாதம் கழித்து ஒரு தேதி தந்தார்கள். மறந்துவிடாமல் வரச் சொன்னார்கள்.

வீட்டில் படுத்துக்கொண்டு, வெந்நீர்ப் பையை வயிற்றில் அழுத்திப் பிடித்தபடி, அவள் வாரியத்திலிருந்து வந்த காகிதக் கட்டு முழுவதையும் கொண்டுவரச் சொன்னாள். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவருக்கு மிஷின் பேசினால் புரியும், காகிதம் பேசினால் புரியாது. அவளுக்கு அப்படியில்லை. காலர் தைக்கிறவள், கால் அங்குலம் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"காப்பீடு இல்லாதவர் பதவியில இருந்தும் வரலைன்னா அந்தக் கூட்டம் செல்லாதாம். அவரை நீக்கணும்னாலும் கூட்டம் போட்டுத்தான் நீக்கணுமாம். இதைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை என்றார்.

"சரி. வர்ற வியாழக்கிழமைக் கூட்டத்துல ஒன்பதாவது விஷயம் என்னன்னு பாருங்க. வாரியத்து ஆளுங்களோட சொந்தக் காப்பீட்டைப் புதுப்பிக்கறது. அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட அது முடியுது."

அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சொல்வதைப் புரிந்துகொண்டார். அது தப்பில்லையா என்று கேட்டார். ஒருத்தருடைய காப்பீட்டை நிறுத்துவது பாவம் என்றார்.

"நாம எதையும் நிறுத்தல. நமக்கும் ஒரு டோக்கன் இருக்கு. நம்ம முறை வர்றவரைக்கும் கீழ உக்காரப் போறோம். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். டோக்கன் எடுத்தார்கள், நூற்றுப் பதினேழு. மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தேகாலுக்கு எட்டாவது மாடியிலிருந்து ஒரு பியூன் வந்து, ஐயாவைக் கூப்பிடுகிறார்கள் என்றார். நம்பர் வந்ததும் வருகிறேன் என்று மெக்கானிக் சொன்னார். பதினொன்றுக்குச் செயலாளர் வந்தார். வெயிலில் உங்களை உட்கார வைத்தது யார் என்பது போல அக்கறையாகப் பேசினார். மெக்கானிக்கின் மனைவி அவரிடம், ஒன்பதாவது விஷயத்தைப் பற்றிச் சாவகாசமாக விசாரித்தாள். செயலாளரின் முகம் மாறியது. படிக்கட்டிலேயே மேலே ஓடினார், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் ஒரு யோசனையோடு திரும்பினார். மெக்கானிக்கைப் பதவியிலிருந்து எடுக்கக் கூட்டம் வேண்டாம். காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால் பதவி தானாகப் போய்விடும். வேறு ஒருவரைத் தலைவர் உடனே நியமித்துவிடலாம். கவுன்ட்டருக்குப் போய், இவர்கள் இரண்டு பேருக்கும் இப்போதே அட்டை அடி என்றார். பதினோரு வருடத்தில் அந்த உத்தரவு அந்தக் கவுன்ட்டருக்கு வந்தது அதுதான் முதல் முறை.

"சான்றிதழ் இல்லையே சார்" என்றாள் கவுன்ட்டர் அம்மாள். "விதி பன்னெண்டு."

செயலாளர் தான் யார் என்று நினைவூட்டினார். அது தெரியும் என்றாள். விதியைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்த வாரியக் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும் என்றாள். கூட்டத்துக்கு அந்த ஆள் வர மறுக்கிறார் என்று செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதற்குத் தனக்கு விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்குச் செய்தி போனது. வண்டி ஓட்டுகிறவர், வீட்டு வேலை செய்கிறவர், சித்தாள், கடையில் நிற்கிற பெண், இந்த வாசலையே தினக்கூலிக்குக் காக்கிற, இருமலை அடக்கிக்கொண்டிருந்த காவலாளி என்று நூற்று நாற்பது பேரும் திரும்பி மெக்கானிக்கையும் அவர் மனைவியையும் பார்த்தார்கள். நம்பர் வந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை.

மூன்று மணிக்குத் தலைவரே இறங்கி வந்தார். அடுத்த வாரம் அவருக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். அவரோடு உறுப்பினர்களும், அவர்கள் பின்னால் மாடி மாடியாக ஊழியர்களும் இறங்கினார்கள். உட்கார நாற்காலி இல்லை. இருந்தவற்றில் காப்பீடு இல்லாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நின்றபடியே பேசினார்.

"ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கலாமா? நாளைக் காலையில் எங்களில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வோம்? மருந்துக்கு எங்கே போவோம்? ஒரு மனிதன் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட எப்படி இருக்க முடியும்?"

மண்டபம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவருக்கே தான் சொன்னது காதில் விழுந்தது போல ஒரு கணம் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி மெக்கானிக்கிடம், மேலே வாருங்கள், ஐந்து நிமிடக் கூட்டம், முதலில் எங்கள் புதுப்பிப்பு, அடுத்து உங்கள் மனைவிக்கு மட்டும் விதி பன்னிரண்டிலிருந்து விலக்கு, நாளைக்கே ஆபரேஷன் என்றார்.

மெக்கானிக் எழுந்துவிட்டார். மிஷின் மேல் கவிழ்ந்து கிடந்தவளைத் தூக்கியது அவர்தான். இதுபோதும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. போதும், வா போகலாம் என்று மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அப்போது லேசாக வலி ஆரம்பித்திருந்தது. அது அவருக்கு மட்டும் தெரிந்தது; கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றாள்.

"அடியே, உன் உடம்பு" என்றார் மெக்கானிக்.

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? மேல போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் குடுக்கறதை நான் வாங்கிக்கிட்டா, இந்த அண்ணன் இருமிக்கிட்டே அடுத்த வாரமும் இங்க வருவாரு. கூட்டத்தை இங்கயே போடுங்க. இல்லாதவங்க இருக்கற இடத்துல. சான்றிதழ் வேண்டாம், கையெழுத்துப் போதும்னு போடுங்க. நோய் இருந்தா தர மாட்டோம்ங்கற வரிய எடுங்க. மாசத்துக்கு ஒரு நாள் கூலிக்கு மேல கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் உங்க ஒன்பதாவது விஷயத்துக்கு இவரு கையைத் தூக்குவாரு."

இதெல்லாம் ஆய்வு செய்ய வேண்டிய விஷயங்கள், துணைக்குழு போட்டால் ஒன்றரை வருடத்தில் அறிக்கை வரும் என்றார் தலைவர். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. தலைவர் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, இவர் விலகினால் அந்தப் பதவிக்கு வர யார் தயார், காப்பி உண்டு, நாற்காலி உண்டு என்று கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. காவலாளி மட்டும் இருமினார்.

நாலே முக்காலுக்குக் கூட்டம் ஆரம்பமானது. பித்தளைப் பலகையை மேலேயிருந்து கொண்டுவந்து மெக்கானிக்கின் மடியில் வைத்தார்கள். செயலாளர் கவுன்ட்டர் பலகை மேல் காகிதத்தை வைத்து எழுதினார். கவுன்ட்டர் அம்மாள் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தாள். பதினோரு கைகள் உயர்ந்தன. பன்னிரண்டாவதாக மெக்கானிக்கின் கை. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் ஒன்பதாவது விஷயமும் முடிந்தது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகளாகத் தாம் கண்ட கனவு இன்று நனவாகிவிட்டது என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அட்டை வந்தது, புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. அதே புதன்கிழமை மெக்கானிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் வந்தது. 'தாங்கள் காப்பீடு பெற்றுவிட்டதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்துள்ளதால் பதவியிலிருந்து தகுதி நீக்கம் செய்யப்படுகிறீர்கள். தங்கள் சேவைக்கு நன்றி. பலகையைத் திருப்பி ஒப்படைக்கவும்.' ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்து, அவர் அந்த வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் மூன்று வாரம் கழித்து கோட்டு தைப்பவர் முகம் வாடி வந்தார். வாரியத்துக்குப் போனேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தத் தீர்மானம் அன்றைக்கு இருந்த நூற்று நாற்பது பேருக்கு மட்டும்தானாம் என்றார். செயலாளர் எழுதும்போது சத்தமில்லாமல் ஒரு வரி சேர்த்திருந்தார். கவுன்ட்டர் அம்மாள் உரக்கப் படித்தபோதும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. வயிற்றில் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருக்க, மெக்கானிக்கின் மனைவி தீர்மானத்தின் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். 'இச்சலுகை மண்டபத்தினுள் இருக்கும் நபர்களுக்கு மட்டும்.' இரண்டாம் தடவை படித்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

திங்கட்கிழமை அவர்கள் போனபோது கோட்டு தைப்பவர் மட்டும் இல்லை. சட்டைப் பட்டறையில் இருந்த முப்பது பேரும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். சொல்லி அனுப்பாத ஆட்களும் வந்திருந்தார்கள். காவலாளி கதவைத் திறந்தார். எல்லோரும் மண்டபத்துக்குள் வந்து நின்றார்கள். மெக்கானிக்கின் மனைவி கவுன்ட்டருக்குப் போய்த் தீர்மானத்தை நீட்டினாள். கவுன்ட்டர் அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தாள். தலையை நிமிர்த்தி மண்டபத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"இதுல தேதி போடல" என்றாள்.

செயலாளர் படியிறங்கி வந்து, தேதி போடாவிட்டாலும் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் என்பதுதான் கருத்து, எல்லோருக்கும் தெரியும் என்றார். கருத்தைப் பதிவு செய்யத் தன் படிவத்தில் கட்டம் இல்லை என்றாள் அவள். மண்டபம் நிறைந்துவிட்டது, இனி ஒருவர்கூட உள்ளே வர முடியாது, கதவைச் சாத்து என்று அவர் காவலாளியிடம் கத்தினார். வெளியே வரிசை வாசல்படி தாண்டி, தெரு தாண்டி, முனையில் திரும்பிக் கண்ணுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

கவுன்ட்டர் அம்மாள் எழுந்தாள். அலமாரியைத் திறந்து கட்டிட வரைபடத்தை எடுத்து, தூசியைத் தட்டி, மேஜை மேல் விரித்தாள். விரலை வைத்துச் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வாசல்படி மண்டபத்தோட சேர்த்தி" என்றாள். "படியில நிக்கறவங்க கையெழுத்துப் போட்டுட்டு எறங்கினா, அடுத்தவங்க ஏறலாம். யாருங்க முதல்ல?"